முந்நூறு லிட்டர் தண்ணி

வண்டியை வித்துடறதுன்னு என் வீட்டுக்காரர் முடிவு பண்ணிட்டார். ஞாயித்துக்கிழமை ஆள் வந்து எடுத்துட்டுப் போறதாப் பேச்சு. அன்னைக்கு வியாழக்கிழமை. கடைசியா ஒரு முயற்சின்னு, வாசல்ல நின்ன பழைய பிக்கப்போட பானட்டுக்குள்ள மெக்கானிக்கும் இவரும் தலையை விட்டிருந்தாங்க. நான் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தேன். வண்டிக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். என்னை யார் கேட்டாங்க? இந்த வீட்டுல இன்ஜின் விஷயத்துல என்னை என்னைக்குக் கேட்டிருக்காங்க?

மூணு வாரத்துக்கு முன்னாடி, வருஷா வருஷம் போற மலை ஏரிக்குக் கிளம்பினோம். படுக்கை, அடுப்போட பின்னால இழுத்துட்டுப் போற சக்கர வீடு, அந்தக் கேரவனை மாட்டிக்கிட்டு சமதரையில ஜம்முனு போன வண்டி, ஏத்தத்துல மூணாவது வளைவுல திணற ஆரம்பிச்சுது. ரெண்டாவது கியர், முதல் கியர், அப்புறம் நின்னே போச்சு. பின்னாடி வரிசையா ஹாரன். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, "பெரியவரே, வண்டிக்கும் ரெஸ்ட் குடுங்க, நீங்களும் எடுத்துக்கோங்க"ன்னுட்டுப் போனார். இவர் முகம் செத்துப் போச்சு. நாலு பேர் கை காட்ட, மெதுவா ரிவர்ஸ்ல இறக்கி வீடு திரும்பினோம்.

மெக்கானிக் பெட்ரோல் ஃபில்டரை மாத்தினார். ஏர் ஃபில்டரை மாத்தினார். பிளக் நாலும் புதுசு. பெட்ரோல் பம்ப்புக்கு கேஜ் போட்டு அழுத்தம் பார்த்தார், சரியா இருந்துச்சு. சைலன்ஸர் அடைச்சிருக்கான்னு கழட்டிப் பார்த்தார், இல்லை. கேரவன் பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குதோன்னு சக்கரத்தை ஜாக்கியில தூக்கிச் சுத்தினாங்க, நல்லாச் சுத்துச்சு. கேரவனோட மேம்பாலத்துல ஏத்தினா பாதியில முக்குது. கழட்டிட்டு ஏத்தினா சிட்டாப் பறக்குது.

"கேரவன்ல பாரம் ஏதும் இருக்காண்ணே?"

"என்ன பாரம்? துணிமணி, பாத்திரம் எல்லாம் அன்னைக்கே இறக்கியாச்சு. காலி டப்பா."

காலி டப்பாவாம்! நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

கடைசியா மெக்கானிக் இன்ஜினோட கம்ப்ரஷன், அதான் உள்ளழுத்தம், பார்த்தார். "கொஞ்சம் குறையுதுண்ணே. வயசாகுது இல்ல?"

"எனக்கும்தான்"னார் இவர். கோபமாச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.

விஷயம் இதுதான். கேரவனோட வந்த தண்ணித் தொட்டி சின்னது. இவருக்கோ எங்க போனாலும் வீட்டுத் தண்ணியிலதான் குளிக்கணும். சின்னதைக் கழட்டி எறிஞ்சுட்டு, முந்நூறு லிட்டர் தொட்டி ஒண்ணைத் தன் கையாலேயே அடியில பொருத்தினார். முதல் வருஷமே அந்த மலையில இன்ஜின் கொதிச்சு நின்னுடுச்சு. "அப்பா, நம்ம வண்டி சொத்தையா?"ன்னு சின்னவ கேட்டா. இவர் கண்ணுல தண்ணி முட்டினதை நான் பார்த்தேன்.

அடுத்த ஆறு மாசம் கார்புரேட்டரைக் கழட்டறதும் மாட்டறதுமாவே இருந்தார். மறுபடி கிளம்பினோம். மலையடிவாரத்துல நிறுத்திட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனார். பாரத்தைக் குறைச்சா ஏறுமோன்னு எனக்குத் தோணுச்சு. கேரவனுக்குப் பின்னால போய்க் குந்தி, தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். அவங்க வர்றதுக்குள்ள தொட்டி காலி. வண்டி ஒரே மூச்சுல ஏறிடுச்சு. "பார்த்தியாடி என் கார்புரேட்டரை!" அவருக்குத் தலைகால் புரியலை. அந்த முகத்தைப் பார்த்துட்டு எந்தப் பாவிக்கு உண்மையைச் சொல்ல மனசு வரும்?

அப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிப் போச்சு. அடிவாரத்துல திறப்பேன். மேல போனதும் பக்கத்துக் கேரவன்காரர்கிட்ட இவர் இன்ஜின் பெருமை அளந்துக்கிட்டிருக்கும்போது, ஏரிக்கரைக் குழாய்ல ஹோஸ் மாட்டித் திரும்ப ரொப்புவேன். காலையில குளிச்சுட்டு வந்து, "என்ன இருந்தாலும் நம்ம வீட்டுத் தண்ணி தனிதான்"ம்பார். சிரிப்பை அடக்கிக்கிட்டுத் துண்டை நீட்டுவேன். அந்த நாளெல்லாம் நினைச்சா ஏக்கமா இருக்கு. பிள்ளைங்க ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு காலைப் போட்டுத் தூங்கும். தகரக் கூரையில மழை தட்டும். ஒரே போர்வைக்குள்ள நாங்க கிசுகிசுன்னு பேசிக்கிட்டே கிடப்போம்.

இந்த வருஷம் என் முழங்காலை ஆபரேஷன் பண்ணிட்டாங்க. குந்தவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. அடிவாரத்துல வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை அதுவா ஏறிடாதான்னு ஒரு நப்பாசை.

அந்த வியாழக்கிழமை மெக்கானிக் கையைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தார். இவர் வண்டிச் சாவியை எடுத்தார். அதுல சின்னவ பத்து வயசுல பின்னிக் குடுத்த சிவப்புக் கயிறு தொங்கும். வாங்கறவருக்கு அது எதுக்குன்னு, நகத்தால முடிச்சை மெல்ல மெல்ல அவிழ்த்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அதுக்கு மேல எனக்குத் தாங்கலை. அவர் பெருமை போனாப் போகட்டும், வண்டி போகக் கூடாது.

கைத்தடியை ஊன்றிக்கிட்டுக் கேரவனுக்குப் பின்னால போனேன். தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதுன்னு தெரியும். உட்கார்ந்தேன். குழாயைத் திருகினேன்.

தண்ணி கொட்டுச்சு. கொட்டிக்கிட்டே இருந்துச்சு. வாசலைத் தாண்டித் தெருவுல இறங்கி ஓடுச்சு.

"அட, முந்நூறு கிலோண்ணே!"ன்னு மெக்கானிக் கெக்கெக்கேன்னு சிரிச்சார். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திட்டார்.

"எத்தனை வருஷமா?"ன்னார் இவர்.

"ரெண்டாவது வருஷத்துலேருந்து."

"அப்போ மேல நான் குளிச்ச தண்ணி?"

"ஏரித் தண்ணி."

விறுவிறுன்னு உள்ள போயிட்டார். மெக்கானிக்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார். பாவம், அவரே கேரவனோட வண்டியை மேம்பாலத்துக்கு ஓட்டிப் போய்ட்டு வந்து, "அக்கா, சும்மா தூக்கிட்டுப் போகுது"ன்னார். சந்தோஷப்படத்தான் ஆள் இல்லை.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் என்கிட்ட பேச்சே இல்லை. கேரவனுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். அறுக்கிற சத்தம், வெல்டிங் சத்தம். ஆசையாப் போட்ட தொட்டியைக் கழட்டறார்னு நினைச்சேன். இருபத்திரண்டு வருஷத்தை நானே கெடுத்துட்டேனேன்னு அடுப்படியில நின்னு அழுதேன்.

ஞாயித்துக்கிழமை வாங்கறவர் வந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, விக்கறதா இல்லை"ன்னார் இவர்.

"ஏன், கோளாறு கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்லை. அதை இத்தனை வருஷம் மலை ஏத்தினவங்களுக்குத்தான் முழங்கால் வலி."

அவர் குழப்பத்தோட போனதும், இவர் என் கையைப் பிடிச்சுக் கேரவனுக்குப் பின்னால கூட்டிட்டுப் போனார். சாவியில சிவப்புக் கயிறு மறுபடி தொங்கிக்கிட்டிருந்துச்சு. தொட்டி அதே இடத்துலதான் இருந்துச்சு. குழாயிலேருந்து ஒரு நீளக் கம்பி மேல வந்து, என் இடுப்பு உயரத்துல ஒரு கைப்பிடி. துணி சுத்தியிருந்தார்.

"குனிய வேண்டாம். நின்னுக்கிட்டே திருப்பினாப் போதும்"னார்.

கைப்பிடியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். சந்தோஷத்தைக் காட்டிக்க மனசில்லாம, "இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? அதான் இப்போ தெரிஞ்சுபோச்சே, நீங்களே திறந்துவிட வேண்டியதுதானே?"ன்னேன்.

"நான் எப்படித் திறக்கறது?"ன்னார். "நான் அப்போ டீ குடிச்சுக்கிட்டிருப்பேன்."