வெள்ளையில் தெரியாதது

தூ மேனேஜர் புதிய திரையில் முதலில் வெள்ளையை ஓடவிட்டார், பிறகு கறுப்பை, மறுபடி வெள்ளையை. "பளிச்சுன்னு இருக்கு பாத்தியா? பெய்ஷான், நீ எழுதியிருந்த அந்த வரி தண்டம். தூக்கிட்டேன்" என்றார். அவர் தூக்கியது வரியை மட்டுமல்ல, நிரலின் தலைப்பிலிருந்த என் பெயரையும். திரைக்கு நிறங்களை அனுப்பும் அந்த டிரைவர் நிரலுக்காக நான் இரண்டு வருடம் கண் எரிய உழைத்திருந்தேன். இப்போது அதன் தலையில் அவர் பெயர் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

இந்தத் திரைக்கு ஒவ்வொரு நிறமும் இரண்டு பைட்டாகப் போகிறது. எது முன்னால், எது பின்னால் என்பதில் புதிய திரை பழையதற்கு நேர் எதிர். என் வரி அவற்றை இடம் மாற்றி அனுப்பும். அதை எடுத்துவிட்டால் பச்சை சிவப்பாகும், சிவப்பு நீலமாகும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் மட்டும் ஒன்றும் ஆகாது, அவற்றில் இரண்டு பைட்டும் ஒன்றேதான். வெறும் வெள்ளையை ஓட்டிப் பார்த்துப் பெருமைப்பட்ட மனிதர் என் வயிற்றில் பாலை வார்த்தார். "சரிங்க மேனேஜர்" என்றேன். தைபேயில் இந்தத் திரையை வாடிக்கையாளருக்குக் காட்டும்போது நாலு பேர் முன்னால் அவர் மூக்கு உடைய வேண்டும், அதை நான் முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும்.

தைபேயில் அந்தப் பங்குத் தரகு நிறுவனத்தின் கூட்ட அறையில், பங்கு விலை காட்டும் எங்கள் புதிய திரையை வைத்தார்கள். இயந்திரம் முரண்டு பிடிக்காமலிருக்க அதன்மேல் சோளப் பொரிப் பொட்டலம் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எல்லாம் சரி என்கிற பச்சைப் பொட்டலம்தான் ஆகும், அதைப் பிரித்தால் ராசி போய்விடும். தூ அதன் நிறத்தைப் பார்த்து, காலாவதித் தேதியைப் பார்த்து, பயபக்தியோடு வைத்தார். திரையின் நிறத்தை இப்படி ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ஏறும் பங்குக்குச் சிவப்பு, இறங்குவதற்குப் பச்சை. அன்று சந்தை சரிந்துகொண்டிருந்தது. எங்கள் திரை முழுக்கச் சிவப்பு.

தரகு நிறுவனத்தின் இயக்குநர் லியாவ் அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஊரே தலையில கை வச்சிட்டு உக்காந்திருக்கு. உங்க திரையில மட்டும் என்ன கொண்டாட்டம்?"

தூவின் காதுமடல் சிவந்தது.

"யார் எழுதினது இது?"

"எங்க பெய்ஷான்தான் மேடம்" என்றார் தூ, கண் இமைக்காமல். "முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் அவதான்."

இரண்டு வருடமாக நான் காத்திருந்த வாக்கியம். பழி போட ஆள் தேவைப்பட்டதும் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"மேனேஜர், மேடத்துக்குச் சரியா கேட்டிருக்காது. இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் சொன்னார், குரல் தாழ்த்தி.

மடிக்கணினியைத் திறந்து நிரலின் தலைப்பை எல்லோரும் பார்க்கும்படி அவர் முன்னால் திருப்பி வைத்தேன். "அப்போ இங்க ஏன் உங்க பேரு இருக்கு? மாத்திடுங்க. நீங்க தூக்கின வரிய அப்புறம் நான் போடறேன். அது வந்தா நிறம் சரியாயிடும்."

லியாவ் அம்மாள் தலைப்பைப் படித்தார். பிறகு தூவைப் பார்த்தார். தூ ஒற்றை விரலால் என் பெயரைத் தேடித் தேடித் தட்ட ஆரம்பித்தார்.

எனக்கு அவசரமில்லை. கை நீட்டிப் பச்சைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அந்தச் சத்தத்தில் தூவின் விரல் அப்படியே நின்றது. பொரியின் தேங்காய் வாசனை அறையெங்கும் பரவியது. எனக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்த விலைகள் சீனப் புத்தாண்டுச் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தன.