கழன்றது மரை அல்ல

1

"விடாதீங்க மாப்பிள்ளை! இடது பக்கம் திருப்புங்க, இன்னும்!"

செல்போனில் அக்கா கத்தினாள். ஆய்வுக்கூட மேஜையில் மல்லாந்து கிடந்தவளின் தலை, விளிம்புக்கு வெளியே, கணவனின் கைகளில் தொங்கியது. அறை பம்பரமாய்ச் சுழன்றது. வெளியே காலடிச் சத்தம்.

[கொலை என்று நினைத்தீர்களா? நினைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். வாரப் பத்திரிகை வளர்த்த கை. ஆனால் இந்தக் கதை பிறந்ததே அந்தக் கத்தலில்தான்.]

2

அவள் கல் வளர்க்கிறவள்.

நம் காதுக்குள்ளே ஜெல்லி போன்ற ஒரு படலம். அதன்மேல் தூசியளவு சுண்ணாம்புக் கற்கள். உடம்பே வளர்த்தவை. நாம் தள்ளாடாமல் நிற்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. அதே கல்லைக் கண்ணாடித் தட்டில், ஜெலட்டின்மேல் வளர்க்கப் பார்த்தாள். சுண்ணாம்பைத் தன்னிஷ்டத்துக்கு விட்டால் சப்பைக் கட்டிதான். ஜெல்லி அடக்கி வளர்த்தால், நடு உப்பி, முனை கூர்த்த பீப்பாய்.

இதுவரை வந்ததெல்லாம் கட்டி. "காதுக்கல் வளர்க்குதாம், மரை கழண்ட கேஸ்" என்று சக பேராசிரியர்கள் சிரித்தார்கள். இன்று ஆய்வுக் குழு வருகிறது. பீப்பாய் இல்லையென்றால் அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

புதுத் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தாள். சுருண்டு விழுந்தாள். துணைக்கு வந்திருந்த கணவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

[மனித வாழ்வும் ஒரு ஜெல்லியே, அதன்மேல் விதி என்னும்... வேண்டாம். அடித்துவிட்டேன்.]

3

"காதுல கல்லு எடம் மாறிடுச்சுடி" என்றாள் அக்கா, காது மருத்துவர். "தலையைத் திருப்பினா பழைய எடத்துக்குப் போயிடும்."

"பாத்தியாக்கா? கழண்டது மரை இல்ல, கல்லு!" கண் சுழல்கிற நிலையிலும் அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

"மாப்பிள்ளை, அவ வாயையும் சேத்துப் பிடிங்க."

கதவு திறந்தது. அவள் எழுந்தாள். சுவர்கள் நின்றன. குழுத் தலைவர் நேரே போய் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார்.

4

முடிவு ஒன்று: கட்டி. சாவி கைமாறுகிறது.
முடிவு இரண்டு: பீப்பாய்.
எது என்பதை வாசகரே, உங்களிடமே...

"என்னது, வாசகர்கிட்ட விடுறியா?" பின்னால் நின்று படித்தவள் காகிதத்தைப் பிடுங்கினாள். "ஜெல்லி காய்ச்சினது நானா, வாசகரா? அப்புறம், யாருப்பா இந்தக் 'கணவன்'? என் கழுத்தைத் திருகினது நீதானே?"

நான்தான்.

"எழுதிக்கோ. சாவி என்கிட்டத்தான் இருக்கு. அப்புறம், நான் ஏன் சிரிச்சேன்னு கேட்டியா?"

"தலைசுத்தல் மறக்கன்னு நெனச்சேன்."

"போடா. விழறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். தட்டு முழுக்கப் பீப்பாய்!"