ஆணியில் தொங்கிய சட்டைத் துண்டு

கார்வினுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சர்ச்சில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்து வெளியே போய் வருகிற ஆள். அவனைப் போய் மான் வேட்டை கற்றுக்கொள்ளச் சொன்னால் விளங்குமா?

ஆனால் அலபாமாவில், அதுவும் ஓபல் வீட்டில் பெண் எடுத்துவிட்டு, நவம்பரில் துப்பாக்கியைத் தொடாமல் தப்பிக்க முடியாது. நாற்பத்திரண்டு வயதில் அவனுக்குக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள் மனைவி டெல்லாதான். அன்று விடிவதற்கு முன்பும் படித்துப் படித்துச் சொன்னாள்.

"சுட்டதும் பரணை விட்டு இறங்காத. ஒரு மணி நேரம் அப்படியே உக்காரு. அடிபட்ட மான் பக்கத்துலயே படுத்துரும். நீ போய் நின்னா எந்திரிச்சு ஓடிரும். புரியுதா?"

"எத்தன தடவடி சொல்லுவ?" என்று எரிந்து விழுந்தான்.

ஏழு மணிக்கு ஒரு பெட்டை மான் வந்தது. சுட்டான். முதுகைக் கூனிக்கொண்டு அது புதருக்குள் போனது. ஒரு மணி நேரமாம்! அஞ்சு நிமிஷத்துக்கே அவனுக்கு உயிர் போனது. இறங்கிவிட்டான். இலைகளில் ரத்தத்தோடு பச்சையாக ஏதோ கலந்து கிடந்தது. குண்டு நெஞ்சில் படவில்லை, குடலில் பட்டிருக்கிறது. அது மண்டையில் ஏறுவதற்குள், இருபதடி தள்ளிப் படுத்திருந்த மான் எழுந்து, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சதுப்புக்காட்டுப் பக்கம் ஓடி மறைந்தது. அரை மணி நேரம் தேடியும் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கண்ணில் படவில்லை.

வேட்டைக் கொட்டகை வாசலிலேயே மாமியார் ஓபல் நின்றிருந்தாள்.

"வெடி கேட்டுச்சே மாப்பிள்ள. மான் எங்க?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "குறி தவறிருச்சு அத்தை."

அந்தக் கொட்டகையில் குறி தவறினால் சட்டையின் பின்புறத்தைக் கத்தரித்து, பேரும் தேதியும் எழுதிச் சுவரில் அடித்துவிடுவார்கள். சட்டையைக் காப்பாற்றப் பொய் சொன்னவர்கள் அங்கே எத்தனையோ பேர். சட்டையைக் கொடுக்கப் பொய் சொன்ன புண்ணியவான் இவன் ஒருவன்தான்.

"திரும்புங்க மாப்ளே!" மச்சான் ஹோலிஸுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "வெக்கப்படாதீங்க. எங்கப்பாவே அஞ்சு துண்டு குடுத்துட்டுத்தான் செத்தாரு. டெல்லாவோடது அந்தா, நீலம். அழுதுகிட்டே குடுத்தா."

"நான் ஒண்ணும் அழல," என்றாள் டெல்லா.

ஓபல் கத்தரித்தாள். ஹோலிஸ் ஆணி அடித்தான். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, செத்துப்போன மாமனாரின் துண்டுக்குப் பக்கத்திலேயே. "இப்பத்தான் நீங்க நம்ம வீட்டு ஆளு," என்று ஹோலிஸ் முதுகில் தட்டினான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிஸ்கட் என்று அவர்கள் சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் தட்டில் ஆறின. ஜன்னலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான்.

"மாப்ளே, கால்ல சக்கரம் கட்டியிருக்கா?" என்றான் ஹோலிஸ்.

அவன் சிரிக்கவில்லை. ஒரு மணிக்கு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். "குறி தவறல, மானுக்கு வயித்துல பட்டுச்சு. நான் சீக்கிரமா இறங்கிட்டேன்."

ஹோலிஸின் சிரிப்பு அப்படியே நின்றது. டெல்லா திட்டக்கூட இல்லை. பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் போச்சு?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சதுப்புக்காட்டின் ஓடையோரம் அதைக் கண்டுபிடித்தார்கள். டெல்லா குனிந்து கழுத்தில் கை வைத்தாள். கையை எடுக்க வெகுநேரமானது.

"இன்னும் சூடு இருக்கு. இப்பத்தான் உசுரு போயிருக்கு," என்றாள். "காலையிலயே சொல்லியிருந்தா, அது படுக்கட்டும்னு விட்டு, பத்து பதினொரு மணிக்கெல்லாம் வந்து அதோட வேதனைய முடிச்சிருப்போம்பா."

ஆறு மணி நேரம். அதில் பெரும்பகுதியை அவன் அடுப்புக்குப் பக்கத்தில், முதுகில் தட்டு வாங்கிக்கொண்டு கழித்திருந்தான். பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டு மானின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.

கொட்டகைக்குத் திரும்பியபோது ஓபல் கையில் சுத்தியல் இருந்தது. பின்பக்கத்தால் ஆணியை நெம்பி எடுத்து, சிவப்புத் துண்டை அவன் கையில் வைத்தாள்.

"இது குறி தவறினவங்க செவுரு மாப்பிள்ள. நீங்க தவறல."

"அத்தை, அது அங்கயே இருக்கட்டுமே..." கெஞ்சினான். காலையில் யாராவது அவனிடம், இந்தக் கந்தல் துணிக்காக நீ கெஞ்சுவாய் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

சுவரில் ஆணி இருந்த ஓட்டை மட்டும் தெரிந்தது. ஓபல் அதைப் பார்க்கவில்லை. "கெட்டது போக மிச்சக் கறியையாவது எடுக்கணும்," என்று கத்தியை அவன் பக்கம் நீட்டினாள். "உக்காருங்க. முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

கார்வின் உட்கார்ந்தான்.