பிறவுணியின் சாறம்

1.

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. அதை ஒளிக்கப்போவதில்லை. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஒரு மீனவர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடமாகக் கடிதம் எழுதுகிறவன் நான். ஒரு விடயத்துக்கு ஓர் இலக்கம் என்றுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். கதைக்கும் இலக்கம் போடலாமா என்று தெரியாது. போட்டாயிற்று.

கடிதம் இப்படி நின்றுபோயிருந்தது:

"அன்புள்ள பஞ்சலிங்கம் அண்ணை, தங்கள் நாய் பிறவுணியை நாங்கள் பொறுப்பேற்பது சம்பந்தமாக"

(அடுத்த சொல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் கதை.)

பஞ்சலிங்கம் சண்டிலிப்பாயில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர். இம்மாதக் கடைசி ஞாயிறு கொழும்பில் மகனுடைய மாடிவீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். அங்கே நாய்க்கு இடமில்லை. அவருடைய தங்கச்சியின் மகள் வினோஜா இங்கே எங்கள் மகள் ஜெனிற்றாவோடு வேலை செய்கிறாள். அப்படித்தான் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்தது. பிறவுணி மூன்று வயதுப் பெட்டை. நிறம் கறுப்பு.*

* கறுப்பு நாய்க்கு ஏன் 'பிறவுண்' நிறத்தில் பெயர் என்று கேட்டேன். "குட்டியிலை செம்மண்ணுக்கை பிரண்டு கிடந்தது தம்பி. கழுவினாப் பிறகுதான் கறுப்பெண்டு தெரிஞ்சது" என்றார்.

2.

முதல் வரைவில் முட்டு வருத்தத்தை ஜெனிற்றாவுக்குக் கொடுத்து, அவளுடைய வயதையும் பத்தாகக் குறைத்திருந்தேன். பிள்ளைக்கு ஆஸ்துமா என்றால் வாசிக்கிறவர்கள் இரங்குவார்கள் என்று நினைத்தேன். என் மனைவி அற்புதராணி வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"என்னப்பா, என்ரை வருத்தத்தைத் தூக்கிப் பிள்ளையின்ரை தலையிலை கட்டியிருக்கிறியள்?"

"கதைக்காகத்தானப்பா."

"மூச்சு இழுக்கிறது எனக்கு. நாய் வேணுமெண்டு நிக்கிறதும் நான். ரெண்டையும் எனக்கே தாங்கோ."

திருத்திவிட்டேன். வேண்டாம் என்று நிற்பவன் நான். போன மாரியில் அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டோவுக்குள் அவளுடைய உதடு

(இந்த வாக்கியத்தை ஐந்து தரம் எழுதி ஐந்து தரமும் வெட்டினேன். அப்படியே கிடக்கட்டும்.)

ஆனால் இன்னொன்றையும் பார்த்தவன் நான். சண்டிலிப்பாய்க்குப் போன முதல்நாள் பிறவுணி நேரே வந்து அவளுடைய பாதத்தின்மேல் நாடியை வைத்துப் படுத்தது. அரை மணித்தியாலம் அவள் காலை அசைக்கவேயில்லை. திரும்பி வரும்போது சொன்னாள்: "நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனாப் பிறகு என்னோடை கதைக்கிறது றேடியோ மட்டும்தான். நான் சொல்லுறதை அது கேக்காது."

3.

மருத்துவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது பட்டியலோடு போனேன். கட்டை மயிர் நாய்கள், சுருள் மயிர் நாய்கள், மயிர் கொட்டாத நாய்கள், இலக்கமிட்டுப் பதினொன்று. அவர் பட்டியலை வாசித்துச் சிரித்தார்.

"மயிர் இல்லை ஐயா பிரச்சினை. தோலிலை இருந்து உதிருறதும் எச்சிலும்தான். எந்தச் சாதியிலும் அது இருக்கும். உந்தப் பிறவுணி இவவுக்கு ஒத்துவருமோ எண்டதைத்தான் பாக்கவேணும்."

நாய் படுக்கிற துணியை ஒரு கிழமை வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். காலையும் மாலையும் அவள் மூச்சின் வேகம் காட்டும் குழாயில் ஊதி அளவைக் குறிக்க வேண்டும்; அளவு இறங்கினால் ஒத்துவராது. ஒத்துவந்தாலும் நாய் படுக்கையறைக்குள் வரக்கூடாது, அதைக் குளிப்பாட்டுவது வேறு ஆளாக இருக்க வேண்டும், மூச்சுக்கு மருந்துப் பம்ப் அடிப்பதை நிறுத்தக்கூடாது. ஐந்தையும் இலக்கமிட்டு எழுதிக்கொண்டேன்.

பஞ்சலிங்கம், தான் இடுப்பில் கட்டிக் கழித்துப் பிறவுணிக்குப் படுக்கப் போட்ட பழைய சாறத்தைப் பையில் போட்டுத் தந்தார். "நாய் பாக்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ? சாதகமும் வேணுமோ?"

ஏழு நாள் அந்தச் சாறம் விறாந்தையில் அற்புதராணி இருந்து றேடியோ கேட்கிற கதிரைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏழு நாளும் அவள் ஊதினாள். 310, 320, 310, 320. இழுப்பு இல்லை, தும்மல்கூட இல்லை. கடிதத்தின் அடுத்த சொல் எனக்குக் கிடைத்துவிட்டது.

4.

திருப்பிக் கொடுக்கச் சாறத்தை எடுத்து மடித்தேன். சவர்க்கார வாசம் குப்பென்று வந்தது.

"இதை ஆர் தோய்ச்சது?"

"நான்தான். வேறை ஆர் இந்த வீட்டிலை தோய்க்கிறது?"

"எப்ப?"

"கொண்டந்த அண்டைக்கே. ஆற்றையோ வீட்டுச் சாறத்தை ஊத்தையோடை விறாந்தையிலை போட்டு வைக்கிறதோ? வாற சனம் என்னை என்னெண்டு நினைக்கும்?"

"அந்த ஊத்தைக்குத்தானே அப்பா கொண்டந்தது!"

ஜெனிற்றா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா ஒரு கிழமையாச் சவர்க்காரத்துக்குச் சோதினை எழுதியிருக்கிறா. பாஸ்!"

கதையெழுதுகிறவனாக எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம். இந்தப் பாத்திரம் வெட்கத்தில் தோய்த்ததா, நாய் வீட்டுக்கு வரவேண்டும் என்று தெரிந்தே தோய்த்ததா? அவளிடமே கேட்டேன்.

"கை பழகினபடி தோய்ச்சுப்போட்டன்" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "கொடியிலை விரிக்கேக்கைதான் நினைவு வந்தது. சொல்லேல்லை."

(இரண்டுமாம். இப்படியொரு பாத்திரத்தை நான் கற்பனையில் செய்திருக்க மாட்டேன்.)

5.

எழுதி வைத்திருந்த முடிவுகள்:

அ) பிறவுணி வருகிறது. எல்லோருக்கும் சந்தோசம். (போன மாரியின் ஓட்டோ இந்த முடிவுக்குள் நிற்கிறது. வெட்டினேன்.)

ஆ) பிறவுணி வரவில்லை. அற்புதராணி றேடியோவை (இதையும்

இ) எழுதவில்லை. அதற்குள் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

பஞ்சலிங்கம் போக இன்னும் எட்டு நாள் இருந்தது. சண்டிலிப்பாயில் அவள் பிறவுணி அப்போது படுத்திருந்த வேறொரு சாறத்தையே கேட்டாள். மயிரும் செம்மண்ணுமாக இருந்ததை அவர் உதறப்போனார்.

"உதறாதேங்கோ அண்ணை. அப்பிடியே தாங்கோ."

வீட்டுக்கு வந்ததும் நான் அளவு எழுதிய கொப்பியையும் குழாயையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்தமுறை நானே ஊதி, நானே எழுதுவன். நீங்கள் பின்னாலை நிண்டு பாத்தால் எனக்கு மூச்சு வராது. சனிக்கிழமை திறப்பம். கூடாதெண்டால் கூடாது. அதை நானே பஞ்சலிங்கம் அண்ணைக்குச் சொல்லுவன்."

6.

இன்று சனிக்கிழமை. கொப்பி மேசையில் மூடிக்கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு கடித உறை. ஒன்றில் "மிக்க மகிழ்ச்சியுடன்" என்று தொடங்கும் கடிதம், மற்றதில் "மிக்க வருத்தத்துடன்" என்று தொடங்குவது. வேலைக்குப் போன ஜெனிற்றா, தான் வரும்வரை கொப்பியைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறாள்.

படலையடியில் அற்புதராணி மீன்காரரோடு சண்டை. "இதென்ன மீன், கண்ணைப் பாருங்கோ, நேற்றைக்குச் செத்ததோ போன கிழமை செத்ததோ" என்று நிறுத்தாமல் போகிறாள். இடையில் ஒரு சின்ன இருமல். மீனைப் பார்த்தா, சாறத்தாலா, தெரியவில்லை. இதை வைத்து நான் ஒன்றும் எழுதமாட்டேன். வாசிக்கிற நீங்கள் எந்த உறையை ஒட்டலாம் என்று யோசித்து வையுங்கள். எனக்கும் அதுவரை வேலையில்லை.

சும்மா இருக்க முடியாமல் பின்வளவுக்குப் போய்க் கொடியைப் பார்த்தேன். என் சேட்டு மூன்று, அவளுடைய சோட்டி இரண்டு, ஜெனிற்றாவின் துவாய்.

சாறம் இல்லை.

விறாந்தையில், அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில், ஊத்தையாகவே கிடக்கிறது.