ஆபீசருக்கு அரை மாத்திரை

1.

ஒரு நாயைக் கொல்வதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். நாய்க் கதை என்றால் கடைசியில் நாய் சாக வேண்டும், வாசகர் மூக்கை உறிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. கைக்கு வாகாக, நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ் வீட்டிலேயே ஒரு நாய் இருந்தது. அதற்கு வலிப்பு நோய் வேறு. அடித்தது யோகம் என்று நினைத்தேன்.

நாயின் பெயர் ஆபீசர். கேட்டருகே உட்கார்ந்து போகிற வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதால் வந்த பெயர். வளர்ப்பவர் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்கா.

2.

(முதல் தொடக்கம்: ‘மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த நாயின் கண்களில் ஏதோ ஒரு’ — அடித்துவிட்டேன். நாயின் கண்களைப் பற்றி எழுதுகிறவர்களை நானே நம்புவதில்லை.)

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆபீசருக்கு தினமும் இரண்டு வேளை மாத்திரை. நாய்ப் படம் போட்ட பளபளப்பான பெட்டியில், மருத்துவமனையிலேயே விற்பது. விலையைக் கேட்டால் நமக்கு வலிப்பு வரும். அக்கா வாங்கிப் பார்த்தார், கையைக் கடித்தது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க ஆரம்பித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சிக்கனம் என்றுதான் நினைத்தார். நின்றிருந்த வலிப்பு திரும்பி வந்தது.

“யார்கிட்டயாவது குடுத்துடலாம். நம்மால முடியலையே,” என்றார் கணவர். கல்நெஞ்சக்காரர் இல்லை, வலிப்பு வந்து சிறுநீரில் நனைந்து கிடந்த ஆபீசரைத் துவட்டிக்கொண்டேதான் சொன்னார். அக்கா வேன் சாவியை எடுத்தார்.

3.

மருத்துவமனையில் எடை பார்க்கும் பலகை மீது ஏற ஆபீசர் மறுத்தார். அக்கா அவரைத் தூக்கிக்கொண்டு தானே ஏறினார். பிறகு தான் மட்டும் ஏறி, கழித்துப் பார்க்கச் சொன்னார். (தன் எடை நாலு பேருக்குத் தெரிந்துபோனதில்தான் அவருக்கு இன்றைக்கும் வருத்தம்.)

டாக்டர் யோசித்தார். “இந்த மாத்திரைக்குக் கேக்கலை போலிருக்கே. இன்னொண்ணு சேர்த்துக் குடுத்துப் பார்ப்போம். கொஞ்சம் விலை கூட.”

இந்த இடத்தில் நான் டாக்டரை வில்லியாக்கினேன். உதட்டுச்சாயம் பூசினேன், தங்கக் கடிகாரம் மாட்டினேன், ‘காசு இல்லாதவங்க எதுக்கு நாய் வளர்க்கறீங்க?’ என்று ஒரு வசனமும் கொடுத்தேன். படித்துப் பார்த்தால் அந்தம்மாவுக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. அவர் வெள்ளைக் கோட்டு முழுக்கப் பூனை முடி.

நடந்தது இதுதான். அக்கா தலையாட்டிவிட்டுக் கதவு வரை போனார். சங்கிலி இழுபட்டது. ஆபீசர் அசையாமல் டாக்டர் நாற்காலியின் கீழ் படுத்துவிட்டிருந்தார்.* அக்கா திரும்பி வந்தார்.

“மாத்திரைக்குக் கேக்காம இல்லை, டாக்டர். நான்தான் ஒழுங்கா குடுக்கலை.”

முகம் சிவந்து, காது சுட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

“ஏன்?”

“கட்டுப்படியாகலை.”

டாக்டர் பேனாவை வைத்தார். “இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நீங்க சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? நானும் கேட்டிருக்கணும், கேக்கலை.” எழுதிய புது மருந்தை ஒரே கோட்டில் அடித்தார். “இதே மருந்து மனுஷங்க மருந்துக் கடையில இருக்கு, ரொம்ப மலிவு. பெரிய மாத்திரையா வாங்கி, நடுவுல கோடு இருக்கும், அதுல உடைச்சு அரை அரையா குடுங்க. சின்னதுக்கும் பெரிசுக்கும் விலை ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா நான் சொல்ற அளவுதான். ஒருவேளை கூட விடக் கூடாது.”

* இது என் கற்பனை என்று சந்தேகப்படாதீர்கள். கற்பனை செய்திருந்தால் ஒரு குரைப்பாவது சேர்த்திருப்பேன்.

4.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். “நோயாளி பேரு ஆபீசரா? எந்த ஆபீசர்?”

“எங்க வீட்டு ஆபீசர்.”

“வயசு ஆறுன்னு போட்டிருக்கு?”

“ஆமா. நாலு கால்.”

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. அக்கா அந்த மருந்து அட்டையைக் கோப்பை வாங்கியது போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று தேவையே இல்லாத இடங்களிலெல்லாம் வேனின் ஹாரன் அலறியது.

வலிப்பு நின்றது. கணவர் ஆபீசருக்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கி வந்து, ஒன்றுமே நடக்காதது போல மாட்டிவிட்டார்.

5.

இவ்வளவுக்குப் பிறகும் என் பழைய முடிவு மேசையில் இருந்தது: ஆபீசர் கேட்டருகே, கடைசியாக ஒருமுறை — விட மனசில்லை, நல்ல வாக்கியம் அது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“தம்பி,” என்றார் அக்கா, “மானத்தை விட்டுக் கேட்டு, மாத்திரையை உடைச்சு உடைச்சு நான் உயிரோட வெச்சிருக்கேன். நீங்க செலவே இல்லாம ஒரு வரியில கொன்னுடுவீங்களா?”

அடித்துவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வரியையும் அடித்ததில்லை. தோற்றது நான்தான், ஆனால் மாடிப்படி ஏறும்போது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

6.

ஆக, இந்தக் கதைக்கு முடிவு இல்லை. நாய் உயிரோடு இருக்கும்போது நான் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது? வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: எழுதுகிற மும்முரத்தில் வேளை தவறிவிடக் கூடாது. அரை மாத்திரையை ரொட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுங்கள். பிறகு வாயைத் திறந்து பாருங்கள், கடைவாயில் ஒதுக்கிக்கொள்கிற ஆள் அவர். விழுங்கிவிட்டாரா? அப்படியானால் உட்கார்ந்து மேலே எழுதுங்கள்