ஏழாம் உலையின் நான்கு கோடுகள்

ஏழாம் உலை ஒரே வாரத்தில் மூன்று முறை காலை வாரிவிட்டது. உருகிய சிலிக்கானில் சின்ன விதைப் படிகத்தைத் தொடவைத்து மெல்ல மேலே இழுத்த உருளை ஒரு சாண் வளர்வதற்குள் கெட்டுப்போனது. சூரிய மின்தகட்டுக்குப் போகிற உருளை முழுக்க ஒரே படிகமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதன் உடம்பில் நான்கு நேர்க்கோடுகள் ஓடும். கோடு மறைந்தால் எல்லாவற்றையும் உருக்கி, முதலிலிருந்து இழுக்க வேண்டியதுதான்.

கெட்ட பெயர் உலையை ஓட்டியவளுக்கு. போதாக்குறைக்கு அவள் நாத்தனார்தான் பரிசோதனை அறையில் அதிகாரி. ஆலையே அவளைக் 'கறார்' என்றுதான் சொல்லும். "உறவெல்லாம் வீட்டோட அண்ணி," என்று முகத்துக்கு நேரே சொல்பவள்.

மூன்றாவதும் கெட்ட மறுநாள் காலையில் இன்ஜினியர் வந்தார். "உலையைப் பிரிச்சுடலாம்மா. உள்ளே ஏதோ கோளாறு."

உலையை ஓட்டியவள் அதன் சின்னக் கண்ணாடி ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "உலை நல்லாத்தான் இருக்கு சார். உருகினது இன்னும் அடங்கல. நாமதான் அவசரப்பட்டு விதையை இறக்கிடறோம்."

"திரையில சூடு சரியாத்தானே காட்டுது?"

"காட்டுது. இங்க வந்து பாருங்க, மேல்பரப்பு சிலுசிலுன்னு ஆடுது. ரெண்டு மணி நேரம் கொடுங்க."

அவரும் குனிந்து பார்த்தார். "மேலிடத்துல என்னை உலுக்கி எடுத்துடுவாங்க," என்று தலையைச் சொறிந்தார். "சரி. இதுவும் போச்சுன்னா பிரிச்சுடுவேன்."

அவள் அசையாமல் உட்கார்ந்தாள். பக்கத்து உலைக்காரன், "என்னக்கா, பால் காய்ச்சறீங்களா?" என்றான்.

"பொங்கினா சொல்றேன், டம்ளரோட வா."

ஒருவழியாக அலை அடங்கி, பரப்பு கண்ணாடிபோல் ஆனது. பென்சில் பருமனுள்ள விதைப் படிகத்தை இறக்கினாள். உருளையின் மெல்லிய கழுத்தை வழக்கத்தைவிட நீளமாக இழுத்து, பிறகு தோளை அகலமாக விரியவிட்டாள். சுழலும் உருளையில் ஒரு கோடு தெரிந்தது. இரண்டு, மூன்று. மூச்சை அடக்கிக்கொண்டாள். நான்காவதும் சுழன்று வந்தது.

அடுத்தடுத்த ஷிப்டுகாரர்கள் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆறவைத்து வெளியே எடுத்தபோது உருளை அவளைவிட ஒரு முழம் உயரம். அதிலிருந்து அறுத்த வில்லை பரிசோதனை அறைக்குப் போனது. ஒரு மணி நேரம் கழித்துக் கறார் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இதை இழுத்தது யாரு?" என்று கூடமே அதிரக் கேட்டாள்.

"நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. எல்லார் காதுலயும் விழட்டுமேன்னுதான். இவ்வளவு சுத்தமான உருளை இந்த ஆலையில இதுவரை வந்ததில்ல. மிஷின் மேல சந்தேகப்பட்டு மூணு தடவை அளந்தேன்."

அவள் தலை தானாக நிமிர்ந்தது. இன்ஜினியர் அன்றே எல்லா உலைகளுக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை விதியாக எழுதி ஒட்டினார்.

சாயங்காலம் கறார் அவளோடு வீடுவரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அண்ணா, இன்னிக்குச் சமையல் உன்னுது," என்றாள். ஏன் என்று அவன் கேட்டதுதான் தாமதம், கையைத் தலைக்குமேல் உயர்த்தி உருளையின் உயரத்தைக் காட்டி, அண்ணியை வாய்திறக்க விடாமல், கதையை அவளே ஆரம்பித்தாள்.