மூடி மட்டும் என் பொறுப்பு

ஊறிய மிளகாயை வெறுங்கையால் அள்ளக்கூடாது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை எனக்குத் தெரியாது. ஆனால் பதினொரு வருடங்களாக மிளகாய் சாஸ் செய்வது நான்தான் என்று அலுவலகமே நம்பிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார்களைக் குறித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே என்னைக் கூப்பிடுவதே 'சாஸ் மாஸ்டர்' என்றுதான். முதல் வருடம் ஒரு பாட்டிலைக் கொண்டுபோனபோது, யார் செய்தது என்று மேனேஜர் கேட்டார். வாய் தவறி "நான்தான் சார்" என்று வந்துவிட்டது. அடுத்த பத்து வருடமும் வாய் தவறவில்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

உண்மையில் மிளகாயை நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது, இரண்டு வாரம் தினமும் ஜாடியைத் திறந்து மோந்து பார்ப்பது, பூண்டு சேர்த்துக் கொதிக்கவைத்து வினிகர் ஊற்றி அரைத்து வடிகட்டுவது எல்லாம் என் மனைவி. நான் பாட்டிலுக்கு மூடி திருகுவேன். நன்றாகவே திருகுவேன்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மேனேஜரின் மனைவி எங்கள் வீட்டுக்கு போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் சாஸ் செய்றத ஒரு தடவ நேர்ல பாக்கணும்" என்றிருக்கிறார். "தாராளமா வாங்க, அவரே செஞ்சு காட்டுவாரு" என்று சொல்லி என் மனைவி போனை வைத்தாள். அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு மேனேஜரும் அவர் மனைவியும் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அம்மா கையில் நோட்டும் பேனாவும் வேறு. என் மனைவி கூடத்தில் பேப்பர் படித்தாள். பக்கம் புரளும் சத்தமே கேட்கவில்லை.

காரம் வெளியே போய்விடக்கூடாதே என்று ஜன்னலைச் சாத்தினேன். அது என் சொந்த விஞ்ஞானம். மிளகாயை அள்ளிப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு, அரை பாட்டில் வினிகரை அப்படியே கவிழ்த்தேன்.

முதலில் மேனேஜர் இருமினார். பிறகு அந்த அம்மா. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. மிளகாய் அள்ளிய அதே கையால் துடைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, காதால் கேட்டதுதான்.

"சார், நான் இல்ல சார்! எல்லாம் அவதான். பதினோரு வருஷமா பொய் சொல்லிட்டேன்!" என்று கத்தினேன்.

"எவ்ளோ அடக்கம் பாத்தியா இவருக்கு?" என்று மேனேஜர் இருமலுக்கு நடுவே தன் மனைவியிடம் சொன்னார். "அழாதீங்க மாஸ்டர்."

"அழல சார், மிளகாய்" என்றேன். பாதிதான் மிளகாய். மீதி வெட்கம்.

கூடத்தில் பேப்பர் மடியும் சத்தம் கேட்டது. அடுப்பு அணைந்தது, ஜன்னல் திறந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையில் சோப்பைத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை முகத்தில் அடித்தாள்.

"கண்ணக் கசக்காதீங்க."

ஐந்து நாளில் முதல் வார்த்தை. எரிச்சலிலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். "அணைச்சுட்டுத்தான் வினிகர் ஊத்தணும், எழுதிக்கோங்க" என்று அவள் சொன்னாள். அந்த அம்மாவின் பேனா ஓடியது. அரைத்தார்கள், வடிகட்டினார்கள். இருவரும் சிரித்துப் பேசிக்கொள்வதுகூடக் கேட்டது.

மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்போ மாஸ்டர் என்னதான் செய்வாரு?"

கரண்டி நின்றது.

"மூடி திருகுவாரு" என்றாள். "அவர் திருகினா ஒரு சொட்டு வெளிய வராது."

பாராட்டா, குத்தலா என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். கண் திறக்கவில்லை. துணி சுற்றிய சூடான பாட்டில் ஒன்று என் மடிக்கு வந்தது, கையில் ஒரு மூடி. விரல்கள் தீயாய் எரிந்தன. இரண்டு தரம் வைத்தும் மூடி மரையில் ஏறாமல் வழுக்கியது. பாட்டிலை இதோ பிடுங்கிக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

பிடுங்கவில்லை. பாட்டில் ஆடாமல் அடியில் பிடித்துக்கொண்டாள்.

"திருகுங்க."

எதிர்வீட்டு மாடியில் யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள். நான் திருகினேன்.